அதே நாற்பது குடம்

"ஏனுங்கம்மா, நான் என்னங்க தப்புப் பண்ணினேன்?"

மார்கழி பிறந்து நாலாம் நாள் காலையில், செங்கோடன் இப்படிக் கேட்டுக்கொண்டு வந்து நின்றார். கையில் சர்க்கரை பார்க்கும் மிஷின். முகம் சுண்டிப்போயிருந்தது.

அந்த மலையடிவார மடத்தின் குரு பூவாத்தாளம்மா. இளவெயிலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். சீடரைவிடப் பத்து வயது சின்னவர். இருந்தால் என்ன, அவர் முன்னால் செங்கோடன் உட்கார்ந்து பேச மாட்டார்.

"சித்திரையில நூத்திப் பதினெட்டு. இன்னைக்கு நூத்தி அறுபத்தி நாலுங்க."

"சாப்பாட்டைக் கூட்டினீங்களா?"

"சிவசிவா! அன்னைக்கும் ரெண்டு கரண்டி, இன்னைக்கும் ரெண்டு கரண்டி. அன்னைக்கும் நாப்பது குடம் தண்ணி இறைச்சேன், இன்னைக்கும் நாப்பது. ஒரு குடம் குறையலீங்க."

பொய்யில்லை. முப்பது வருஷம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்திய மனுஷர். அளவு பிசகினால் அவருக்குச் சோறு இறங்காது.

"தை மூணாந்தேதி பையன் வர்றானுங்க. நம்பர் இறங்கலைன்னா கையோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்னுட்டான். எனக்கு இங்கதானுங்கம்மா நிம்மதி..."



அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"வாங்க. ஒரு குடம் இறைங்க, பாக்கலாம்."

கிணற்றடிக்குப் போனார்கள். ஐப்பசியில் கொட்டித் தீர்த்த மழை. தண்ணீர் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் தளும்பிக்கொண்டிருந்தது. செங்கோடன் குடத்தை விட்டார். கப்பி ரெண்டு சுற்றுச் சுற்றியது. குடம் மேலே வந்துவிட்டது.

"பாத்தீங்களாம்மா? ஒண்ணு."

அம்மா குனிந்து, தரையில் சுருண்டு கிடந்த மீதிக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"நீங்களும் தொட்டுப் பாருங்க."

அறுபது முழக் கயிறு. நாலு முழம்தான் ஈரம். மிச்சமெல்லாம் மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. சித்திரையில் அத்தனை முழமும், ஒவ்வொரு குடத்துக்கும், அவர் உள்ளங்கை வழியாகத்தான் ஏறி வந்தது.

செங்கோடன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடக் கடவுளே! ஊரான் தராசையெல்லாம் பிடிச்சேன். என் தராசைக் கோட்டை விட்டுட்டேனே!"

அம்மா மொச்சை உரிக்கப் போய்விட்டார்.

தை மூன்றாம் தேதி, அப்பாவின் துணிமணிகளை அள்ளிப்போகக் காலிப் பையோடு வந்து இறங்கினான் மகன் குழந்தைவேல். முதல் வேலையாக அப்பா விரலில் குத்திப் பார்த்தான். நூற்றிருபத்தொன்று. நம்பாமல் இன்னொரு விரலில் குத்தினான். அதேதான். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

அதற்குள் அப்பாவைக் காணோம். தோளில் குடத்தோடு மலைப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். இருநூறு படிக்கு மேலே ஒரு சுனை உண்டு.

மகன் பின்னாலேயே ஓடினான்.

"ஏனுங்கப்பா! கிணறு நிறைஞ்சு கிடக்குது. எதுக்குங்க இத்தனை தூரம் ஏறிப் போறீங்க?"

செங்கோடன் திரும்பினார். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

"நிறைஞ்சு கிடக்குதே சாமி, அதுக்குத்தான்."