புற்றுக்காளான் பறித்த காலை

கனகசபாபதி முப்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்தியவர். தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற கையோடு, ஞானம் தேடி மலைமேல் இருந்த மடத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே குரு திருமேனியம்மை. அவரைவிட இருபது வயது இளையவர்.

நான்கு வருஷம் போயிற்று. ஒருநாள் விடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றார்.

“ஊருக்குப் போறேம்மா. என்ன கேட்டாலும் தண்ணி எடுங்க, விறகு பொறுக்குங்கன்னுதான் சொல்றீங்க. தெரிஞ்சதை வாயைத் திறந்து சொன்னா என்ன? நான் எந்தப் பிள்ளையையும் இப்படிக் காக்க வெச்சதில்லை.”

“போகலாம்” என்றார் அம்மை. “நேத்து நல்ல இடி. புற்றுக்காளான் முளைச்சிருக்கும். குழம்பு சாப்பிட்டுட்டுப் போங்க.”

கூடையை அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.

காடு நனைந்து கிடந்தது. கனகசபாபதி ஒரு மரத்தடியில் மஞ்சளாக எதையோ பார்த்துக் குனிந்தார்.

“அது ஆகாது” என்றார் அம்மை.

கனகசபாபதி இன்னொன்றைக் காட்டினார்.

“அதைத் தொடவே வேண்டாம்.”

மூன்று மணி நேரம் இப்படியே போனது. வேட்டியை முள் கிழித்தது. கூடையில் ஒன்றுமில்லை.

“எங்கே இருக்கும்னாவது சொல்லுங்களேன்!”

“புற்று இருக்கிற இடத்துல.”

“காடு பூரா புற்றுதானே!”

“ஆமா” என்று சொல்லிவிட்டு அம்மை ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டார்.

கனகசபாபதிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கூடையை வீசிவிட்டு இறங்கிப் போய்விடலாம் என்று திரும்பினார். அப்போது கணுக்காலில் ஏதோ பிசுபிசுத்தது. அட்டை. அதைப் பிய்த்துப் போடக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார்.

உண்ணிப் புதருக்கு அடியில், கரைந்துபோன ஒரு புற்றின் மேல், தரையோடு தரையாக, வெள்ளை வெளேரென்று குடைகள். ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். எண்ண ஆரம்பித்தவர் பாதியில் விட்டுவிட்டார்.

“அம்மா! ஓடி வாங்க! ஓடி வாங்கம்மா!”

பள்ளிக்கூட மைதானத்தையே அடக்கிய குரல் அது. மரத்திலிருந்த பறவைகளெல்லாம் பறந்தன. அம்மை வருவதற்குள் அவர் மண்டியிட்டு, ஈரமண்ணை விரலால் தோண்டி, முழ நீளத் தண்டோடு ஒன்றைப் பிடுங்கியிருந்தார். மூக்கில் மண். கண்ணில் தண்ணீர். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“மழை வாசனைம்மா! மோந்து பாருங்க!”

அம்மை மோந்து பார்த்தார். “வருஷா வருஷம் இந்தப் புற்றுல இதே வாசனைதான்.”

கனகசபாபதியின் சிரிப்பு நின்றது.

“அப்போ, இந்த இடம் உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியும்.”

“காலையிலேயே சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா கூடை மட்டும்தான் நிறைஞ்சிருக்கும், வாத்தியாரய்யா.”

கனகசபாபதி தோளில் இருந்த பையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புதருக்குள் மறுபடியும் தலையை நுழைத்தார்.