பேன் பார்க்கத் தடை

இலுப்பைத் தோப்புக் குரங்குகளுக்குப் போன வருஷம் வரை அவன்தான் தலைவன். பிறகு தாடைக்காரர் என்று இன்னொருவர் வந்தார். சண்டை போட்டார், அவன் வாலில் பாதியைக் கடித்துத் துப்பினார், தலைவர் ஆனார். அன்றிலிருந்து அவனுக்குக் கூழையன் என்று பேர்.

அன்றோடு அவன் முதுகில் பேன் பார்க்கவும் யாரும் வரவில்லை. பேன்தானே என்பீர்கள். உங்களுக்கென்ன, சீப்பு இருக்கிறது! குரங்குக்கு அது பேன் விஷயமே இல்லை. இன்னொரு கை முதுகில் மேய்ந்தால் மண்டைக்குள் ஏதோ ஒன்று சுரக்கும், கண் சொருகும், உலகம் நல்லதாகத் தெரியும். படித்தவர்கள் அதை ஆக்சிடோசின் என்பார்கள். குரங்குகள் பேர் வைக்காமலே அனுபவித்தன.

தோப்பின் கடைசியில் ஒரு பாறைக்குழி. கோடைமழைத் தண்ணீரில் உதிர்ந்த இலுப்பைப்பூ ஊறிப் புளித்துக் கிடந்தது. கூழையன் ஒரு நாள் வாய் வைத்தான். உடம்பு லேசானது, தனியாக இருப்பதே மறந்துபோனது. ஒரு வாரத்தில் அங்கேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டான். அந்தக் குழிப் பக்கம் சிறுத்தை வரும். குடித்த குரங்குக்கு மரம் ஏற வராது. ஏற்கெனவே ஒருத்தன் அப்படிப் போய்ச் சேர்ந்திருந்தான்.

தாடைக்காரர் பஞ்சாயத்தைக் கூட்டினார். கூழையன் உயிர்மேல் தனக்குள்ள அக்கறையை வெகுநேரம் விளக்கினார். கடைசியில் தீர்ப்பு சொன்னார்.

"பத்து நாள் குடிக்காம இருக்கட்டும். அதுவரைக்கும் யாரும் அவனுக்குப் பேன் பார்க்கக் கூடாது."

ஏற்கெனவே யாரும் பார்ப்பதில்லை என்று ஒரு கிழக்குரங்கு முனகியது. அது குறிப்பில் ஏறவில்லை.

கூழையன் பாவம், முயன்றுதான் பார்த்தான். முதல் நாள் உடம்பெல்லாம் ஏதோ ஊர்ந்தது. இரண்டாம் நாள் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். எல்லோரும் சட்டத்துக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் குழிக்குப் போய்விட்டான். தண்டனை போதவில்லை என்று தாடைக்காரர் அதை இருபது நாளாக்கினார். அதுவும் போதாமல் நாற்பதானது.

வெள்ளச்சி என்று ஒரு மந்தி. போன மாதம் குட்டியைப் பறிகொடுத்தவள். அவளுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு மத்தியானம் குழிக்கரைக்கு வந்து, கூழையனுக்குப் பின்னால் உட்கார்ந்து, முடியைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"உனக்கும் தடை போடுவாங்க, போயிடு," என்றான் அவன்.

"போடட்டும். தலையக் குனி."

"நான் குடிச்சிருக்கேன்."

"பேன் குடிக்கலையே. குனி."

அன்றைக்கும் குடித்தான், ஆனால் பாதிதான். மறுநாள் அவள் வரும்வரை குடித்தான். அதற்கடுத்த நாள் அவள் வருவாளா என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்ததில் குடிக்க மறந்தான். சில நாள் சறுக்கினான். அவள் திட்டவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. நாற்றமடிக்கும் வாயை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ஒரு சாயங்காலம் புதர் அசைந்தது. கூழையன் அன்று ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. மஞ்சள் தோலைக் கண்டதும் வெள்ளச்சியைப் பிடித்துத் தள்ளி, "ஏறு! சிறுத்தை!" என்று கத்தினான். அவள் ஏறினாள். அவனும் தாவினான். சிறுத்தையின் நகம் அடிமரத்தில்தான் கீறியது. அவன் போட்ட சத்தத்தில் கீழே மேய்ந்துகொண்டிருந்த குரங்குகள் எல்லாம் உச்சிக்குப் போய்விட்டன.

மறுநாள் பஞ்சாயத்து மறுபடி கூடியது. கூழையன் திருந்திவிட்டான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் வெள்ளச்சி பேன் பார்த்தாள் என்று ஒப்புக்கொண்டால் தண்டனை வேலை செய்யவில்லை என்று ஆகிவிடும். யோசித்தார்கள். அவள் பேன் பார்க்கவே இல்லை என்று ஒருமனதாக முடிவானது. தாடைக்காரரின் நாற்பது நாள் தண்டனையைப் பக்கத்துத் தோப்புகளும் பின்பற்றச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

அந்த முடிவைக் கேட்கக் கூழையன் வரவில்லை. ஒரு கிளையில் வெள்ளச்சி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் முதுகில் பேன் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீதி: ஒதுக்கிவைத்தவருக்குத் திருத்தினார் என்ற பேர் கிடைக்கும், ஆனால் கெட்டுப்போனவன் மீண்டு வருவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரால்தான்.