பரிசல்காரி செவந்தாவும் பேசுற பட்டுக்கயிறும்

ரொம்ப ரொம்ப முன்னாடி, மிருகமெல்லாம் மனுசங்களக் கேலி பண்ணிப் பேசிக்கிட்டுத் திரிஞ்ச காலம். சங்குமலை நாட்டுல ஒரு பெரிய ஆறு. அந்த ஆத்துல பரிசல் போடுறவ செவந்தா.

பரிசல் தெரியுமில்ல? மூங்கில் கூடை, அடியில தோலு. முன்னும் கெடையாது, பின்னும் கெடையாது. சுத்திக்கிட்டே போகும். ஏறின பெரிய மீசைக்காரனெல்லாம் குலசாமியக் கூப்புடுவான். செவந்தா மட்டும் வெத்தலைய மென்னுக்கிட்டே நேரா அக்கரையில கொண்டு நிறுத்துவா.

நாப்பது வயசுல அவளுக்குக் கண்ணு மங்குச்சு. மொதல்ல அக்கரை மரம் போச்சு. அப்புறம் எதுக்க இருக்கிற ஆளோட மூஞ்சி போச்சு. கடைசியில ஒரு நாள், நட்ட நடு மத்தியானம், சூரியனும் போச்சு.

எங்கிட்ட கதை கேட்டா சிரிக்கலாம்னுதானே வந்தீங்க? இந்த எடத்துல எனக்கே சிரிப்பு வரல, விடுங்க.

புருசன் சடையப்பன் தங்கமான ஆளு. கொஞ்சம் கூடுதலாவே தங்கம். அவ கொடத்த எடுத்தா, புடுங்கிக்கிட்டு, "நான் இருக்கேன்ல, ஒனக்கெதுக்கு புள்ள?"ம்பான். அடுப்பு பத்த வச்சா, "நான் இருக்கேன்ல, ஒனக்கெதுக்கு?" துடுப்பத் தொட்டா, "நான் இருக்கேன்ல!"

ஒரு நாள் துறைக்குப் போற வழியில மூணு குத்துக்கல்லு இருக்கிறதப் பாத்தான். பொண்டாட்டி தடுக்கி விழுந்துடுவாளேன்னு, வேர்த்து விறுவிறுத்து மூணையும் பேத்துப் போட்டான். அந்த மூணு கல்லுதான் அவ காலுக்கு அடையாளம்னு அந்த மனுசனுக்குத் தோணல. மறுநாள் துறைக்குக் கெளம்புனவ கள்ளிப் புதருக்குள்ள நின்னுக்கிட்டு, "மாமா"ன்னு அழுதா.

அந்த நாட்டுல ஒரு வழக்கம். துறைக்காரி ஒரு அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் நடுவுல ஒரு தடவையாச்சும் தன் கையால துடுப்புப் போட்டு அக்கரை தொடணும். தொடலேன்னா துறை அவ கைய விட்டுப் போயிடும். செவந்தா இன்னும் தொடல. அமாவாசை சாயங்காலத்துக்கு நாலே நாளு இருந்துச்சு.

அப்பத்தான் பல்லக்குல வந்தான் ஒரு மந்திரவாதி. எட்டுப் பேரு தூக்கிக்கிட்டு வந்தாங்க. எட்டுப் பேரு கையிலயும் பட்டுக்கயிறு.

"தாயி, காசு வேணாம், பணம் வேணாம். இந்தக் கயித்தக் கையில கட்டிக்க. அது கூட்டிக்கிட்டுப் போகும்"னான்.

கட்டிக்கிட்டா. கயிறு வாயத் தொறந்து தேனாட்டம் பேசுச்சு. "நான் இருக்கேன்ல, ஒனக்கெதுக்கு?"

மொத நாள் கெணத்துக்குக் கூட்டிட்டுப் போச்சு. கெணத்து வழி அவளுக்கு மறந்து போச்சு. ரெண்டாம் நாள் அடுப்பாங்கரைக்குப் போச்சு. அடுப்பாங்கரை வழியும் மறந்து போச்சு. மூணாம் நாள், "ஆத்துக்குப் போ"ன்னா. கயிறு ஒரு சுத்து சுத்தி வாசல்லயே கொண்டு வந்து உக்கார வச்சுச்சு. "ஆறு வழுக்கும். நான் இருக்கேன்ல, ஒனக்கெதுக்கு?" அவுக்கப் பாத்தா அவுரல. சடையப்பன் அரிவாளால அறுத்தான். அரிவாள்தான் மழுங்குச்சு.

வீட்டுப் பின்னால வாய்க்கால்ல எவனோ மீனக் கடிக்கிற சத்தம். ஒரு கெழட்டு நீர்நாய்.

"ஏ பரிசல்காரி! கன்னுக்குட்டியாட்டம் கட்டிப் போட்டுட்டானா?"

"கண்ணு போனவளக் கேலி பண்ணாத."

"அடிப் போடி. வெள்ளத்துல ஆறு சேறாக் கலங்குதே, அப்ப நான் என்ன கண்ணால பாத்தா மீன் புடிக்கிறேன்? மீசையால தொட்டுப் பாத்துத்தான். ஒனக்குத்தான் மீசையே இல்ல, பாவம்!"

செவந்தாவுக்கு ரொம்ப நாளைக்கப்புறம் சிரிப்பு வந்துச்சு. "இந்தக் கயிறு?"

"அந்த மந்திரவாதிப் பயலுக்குச் சொந்தமா ஒரு வழியும் தெரியாது. அடுத்தவங்க காலு கத்துக்கிட்ட வழியத் திருடித் தின்னுதான் பொழைக்கிறான். கயிறு கூட்டிட்டுப் போகாத எடத்துக்கு நீயாப் போயி சேரு. தானா அறுந்துடும்."

அமாவாசை மத்தியானம். செவந்தா நீளமா ஒரு மூங்கில் கம்ப எடுத்துக்கிட்டா. "இதான் என் மீசை"ன்னா. சடையப்பன் முழிச்சான்.

"மாமா, அந்த மூணு கல்லையும் இருந்த எடத்துலயே கொண்டு போய் வைங்க."

"தடுக்குமே புள்ள!"

"தடுக்கட்டும். தடுக்கிறதுதான் எனக்கு வழி."

"நான் இருக்கேன்ல..."

"இருங்க மாமா. கண்டிப்பா இருக்கணும். ஆனா கரையில இருங்க."

அந்த மனுசன் அழுதுக்கிட்டே கல்லத் தூக்கிட்டுப் போயி வச்சான்.

கம்பால தட்டித் தட்டி நடந்தா. கயிறு பின்னால இழுத்துச்சு: "நான் இருக்கேன்ல, ஒனக்கெதுக்கு?" மொதக் கல்லு வர்றதுக்குள்ள விழுந்தா, முட்டி பேந்துச்சு, எந்திரிச்சா. ரெண்டாங் கல்லத் தாண்டிப் போயிட்டா, திரும்பி வந்து தேடிப் புடிச்சா. மூணாங் கல்லு கம்புல 'டொக்'குன்னுச்சு. அடுத்த அடி ஈர மணல்ல.

பொட்டுனு அறுந்துச்சு கயிறு.

மறந்த வழியெல்லாம் அவ காலுக்குள்ள குடுகுடுன்னு ஓடி வந்துச்சு. ஊருக்கு வெளிய எட்டுப் பேரு கையிலயும் கயிறு அறுந்து, பல்லக்க நடு ரோட்டுல போட்டுட்டு அவனவன் வீட்டுக்கு நடந்தான். மந்திரவாதிக்கு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல. இன்னும் அங்கேயேதான் போறவன் வர்றவன்கிட்ட வழி கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கானாம்.

செவந்தா பரிசல்ல ஏறினா. பரிசல் சுத்துச்சு. எடது பக்கம் பாறையில தண்ணி சீறுற சத்தம். எதுத்தாப்புல அக்கரையில துணி தொவைக்கிற சத்தம். பனிமூட்டத்துல நூறு தடவை இந்தச் சத்தத்தக் கேட்டுத்தானே துடுப்புப் போட்டிருக்கா! பாறைச் சத்தத்த எடது காதுலயே நிறுத்தி, தொவைக்கிற சத்தத்துக்கு நேரா வலிச்சா. இக்கரையில சடையப்பன் தன் வாயத் தன் கையாலயே பொத்திக்கிட்டு நின்னான்.

சூரியன் எறங்குறதுக்குள்ள பரிசல் அக்கரையில 'சொர்ர்'ருனு ஒரசுச்சு. தண்டோராக்காரன் முரசத் தட்டினான்: "துறை செவந்தாவோடது!"

கண்ணு திரும்ப வந்துச்சான்னு கேக்குறீங்களா? வரல. துறை வந்துச்சு, துடுப்பு வந்துச்சு, அவ வந்துட்டா.

மறுநாள் காலையில மொத ஆளா பரிசல்ல ஏறி உக்காந்தவன் சடையப்பன். கரையில ஒருத்தன் கேட்டான்: "கண்ணு தெரியாதவ போடுற பரிசல்ல ஏறுறியே, பயமா இல்லியாப்பா?"

சடையப்பன் கால நீட்டி நல்லா சாஞ்சுக்கிட்டான்.

"அவ இருக்காள்ல. எனக்கெதுக்கு?"