வீடு திரும்பிய சிமிழ்கள்

முன்னொரு காலத்தில் மருதநாட்டைச் சித்திரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். புதுசு என்று எதைக் காட்டினாலும் மயங்கிவிடுவான். அவன் அவையில் இருந்த தனதத்தன், அரக்குச் சிமிழ் செய்து விற்றான். நனையாது, மட்காது. ஒவ்வொரு மூடியிலும் அவனுடைய மயில் முத்திரை. ராஜா மெச்சியதும், எள்ளுருண்டை ஒன்று வாங்கினால்கூடச் சிமிழில்தான் என்றாயிற்று. தின்றவர்கள் சிமிழை வாய்க்காலில் எறிந்தார்கள். மதகு அடைத்துக்கொண்டது. கடைமடையில் நெற்பயிர் வாடியது.

"செய்தவரே திரும்ப எடுக்கட்டும், அரசே" என்றார் அமைச்சர் பூதனார்.

தனதத்தனுக்கு வெகுநாளாக அமைச்சர் ஆசனத்தின்மேல் ஒரு கண். "செய்தேன், விற்றேன். எறிந்தது ஜனங்கள். வாய்க்காலைப் பார்ப்பது அமைச்சர் வேலை. முடியாவிட்டால் தலைப்பாகையைக் கழற்றட்டுமே."

"நியாயம்தான்" என்றான் ராஜா. "பௌர்ணமிக்குள் தண்ணீர் ஓடவேண்டும், பூதனாரே. இல்லையேல் உம் பதவி தனதத்தனுக்கு."

பூதனார் கலங்கிப்போய் வாய்க்கால் கரைக்கு வந்தார். மிதந்த சிமிழ் ஒன்றை எடுத்தார். மூடியிலிருந்த மயிலைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் ஊரெங்கும் தண்டோரா: "கண்டெடுத்த பொருளை முத்திரைக்காரர் வீட்டில் சேர்ப்பது மருதநாட்டு வழக்கம். சேர்க்காதவர் திருடர்."

திருடன் பட்டம் யாருக்கு வேண்டும்? கூடை கூடையாகச் சிமிழ்கள் தனதத்தன் வீட்டுக்குப் போயின. முற்றம் நிறைந்தது. தொழுவம் நிறைந்து, மாடுகள் தெருவுக்கு வந்தன. வாசலும் அடைபட, தனதத்தன் கொல்லைச் சுவரேறிக் குதித்து அவைக்கு ஓடினான்.

"அரசே, என் வீட்டில் குப்பையைக் கொட்டுகிறார்கள்."

"குப்பையா? உங்கள் பொருளல்லவா, ஐயா?" என்றார் பூதனார்.

"விற்றபின் அது எனக்குச் சொந்தமில்லை."

"அப்படியானால் அந்த மயிலும் சொந்தமில்லை. நாளை முதல் யார் வேண்டுமானாலும் மயில் போட்டு விற்கலாம். சம்மதமா?"

"ஐயோ, மயில் என்னுடையது!" என்று பதறினான் தனதத்தன்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். "மயில் உன்னுடையது என்றால் குப்பையும் உன்னுடையதுதான், தனதத்தா. இனி எறிந்ததையெல்லாம் நீயே எடு." பௌர்ணமிக்கு முன்பே மதகில் தண்ணீர் பாய்ந்தது. அன்று ராஜா தன் முத்து மாலையைக் கழற்றிப் பூதனாருக்குப் போட்டான்.

அடுத்த மாதம் தனதத்தன், சிமிழுக்குப் பதிலாக மந்தார இலைத் தொன்னை ஒன்றை ராஜாவிடம் நீட்டினான்.

"தின்றபின் இது எங்கே போகும்?" என்றான் ராஜா.

தனதத்தன் ஓரக்கண்ணால் பூதனாரைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாட்டு வயிற்றுக்கு, அரசே. சத்தியமாக என் வீட்டுக்கு வராது."