வரிசைக்கு ஓர் ஆள்

மலைவேம்புத் தோப்புக்குக் காவல் சடையாண்டி ஒருவர்தான். அவர் மனுசக் குரல் கேட்டே ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்று முதலாளியோடு வந்த மேலாளர், குடிசையோரம் ஓங்கி நின்ற ஒரே ஒரு வரிசையைக் காட்டிப் பெருமையடித்தார்.

"எல்லாம் நான் சொன்ன உரம்!"

பிறகு சடையாண்டியை முறைத்தார். "மத்த வரிசையெல்லாம் ஏன் சவலையா நிக்குது? ஆறு மாசத்துல இதே உயரம் வரணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்ல."

"வந்துரும் ஐயா. வரிசைக்கு ஓர் ஆளைக் குடி வைங்க."

"எதுக்கு?"

"உரம் எல்லாத்துக்கும் ஒண்ணாத்தான் போட்டேன். இந்த வரிசை மட்டும் நான் குளிக்கிற தண்ணியைக் குடிச்சுது."

முதலாளி சிரித்துவிட்டு, தோப்பு முழுக்கச் சொட்டுநீர்க் குழாய் போடச் சொன்னார்.

அந்த வாரமே குழாய் வந்தது. ஆள் கேட்டதையும் சடையாண்டி நிஜமாகத்தான் கேட்டிருந்தார்; அதை யாரும் காதில் வாங்கவில்லை.