மூலையில் போட்ட நாற்காலி

“மாஸ்டர், இந்தக் கயிறு சரியில்ல.”

போன மாதம் வாங்கிய கயிற்றையும் மங்கையர்க்கரசி இப்படித்தான் சொன்னாள்.

மாஸ்டர் என்றதும் மீசை வைத்த ஆளை நினைத்துவிட வேண்டாம். மாஸ்டர் ஜெனோவா ஒரு பெண், வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அரசிக்கு நாற்பது தாண்டிவிட்டது.

சர்க்கரை ஏறுகிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொல்லித்தான் அரசி, ஜெனோவா ஸ்கிப்பிங் சொல்லிக்கொடுக்கும் ஷட்டில் ஷெட்டுக்கு வந்தாள். வந்தவளை ஸ்கிப்பிங் கயிறு பிடித்துக்கொண்டது. பாட்டுக்கு ஏற்பக் கயிற்றைக் குறுக்கே வீசி, சுற்றித் திரும்பி, முதுகுக்குப் பின்னால் கை மாற்றிக் குதிக்கிற ஃப்ரீஸ்டைல் ஆட்டம். சர்க்கரையை அவளே மறந்துவிட்டாள்.

ஆனால் போன மாவட்டப் போட்டியில், அத்தனை பேர் பார்க்க, கயிறு காலில் மாட்டியது. பாட்டு ஓடிக்கொண்டிருக்க, அரசி மரம் மாதிரி நின்றாள். பிறகு இறங்கிப் போய், வீட்டில் உட்கார்ந்து அழுதாள்.

வரும் ஞாயிறு மறுபடி போட்டி. இந்த முறையும் பாதியில் நின்றால் கயிற்றைப் பரணில் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

ஜெனோவா தன் கயிற்றைக் கொடுத்துப் பார்த்தாள். அதுவும் மாட்டியது.

“மாட்டாம ஆட என்ன வழி, மாஸ்டர்?”

ஜெனோவா ஆடிக் காட்டச் சொன்னாள்.

அரசி மூலையில் போய் நின்று, போனில் பாட்டைப் போட்டாள். ஆரம்பம் அமர்க்களம். நடுவில் மாட்டியது. ச்சே என்று மூலைக்குத் திரும்பினாள், பாட்டை முதலிலிருந்து வைத்தாள். மறுபடி மாட்டியது, மறுபடி மூலை. கயிறு ஆடுகிற எல்லோரும் இப்படித்தான் பழகுகிறார்கள். யாருக்கும் அதில் தப்பு தெரிவதில்லை.

கடைசிப் பகுதியை மட்டும் ஆடுங்கள் என்றாள் ஜெனோவா. அரசி கயிற்றைத் தூக்கினாள், இறக்கினாள். அங்கே இன்னும் போகவில்லை, முன்னால் இருப்பதைச் சுத்தமாக்கிவிட்டுப் போகலாம் என்று இருந்தேன் என இழுத்தாள்.

மாஸ்டர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த மூலையில் போட்டு உட்கார்ந்தாள். அரசியின் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினாள். பாட்டைப் போட்டாள்.

அரசி நாற்காலிக்கு முன்னால் தொடங்கி, ஆடிக்கொண்டே ஷெட்டின் நடுவுக்கு வந்தாள். வழக்கமான இடத்தில் மாட்டியது. மூலைக்கு நடந்தாள்.

“கொஞ்சம் நகருங்க, மாஸ்டர்.”

“இங்க நான் உக்காந்திருக்கேன்க்கா.”

“முதல்லேர்ந்து ஆடணும்ல?”

மாஸ்டர் டீயை ஊதினாள். பாட்டையாவது நிறுத்துங்கள் என்றாள் அரசி. அதுவும் நடக்கவில்லை.

அரசிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன பொம்பளை இவள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள்? அந்த ஆத்திரத்தில் நின்ற இடத்திலேயே கயிற்றை வீசினாள்.

கால் தடுமாறியது. தாளம் தப்பியது. ஆனால் கயிறு சுற்றியது. கால் பழகாத இடங்களுக்கெல்லாம் ஆட்டம் போனது. பாட்டு முடிந்த பிறகும் அவள் குதித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க நாற்காலி அந்த மூலையை விட்டு நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரசி ஆடி முடித்து இறங்கி வந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு. பரிசு வேறு யாருக்கோ போனது, அது அவளுக்கு உறைக்கவே இல்லை. கடைசியில் முதுகுக்குப் பின்னால் கை மாற்றியது, கூட்டம் கைதட்டியது, பாட்டோடு சேர்ந்து தானும் நின்றது என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். சந்தோஷம் தாங்கவில்லை.

ஜெனோவாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இருந்தாலும் கேட்டாள்.

“கயிறு எங்க மாட்டுச்சுக்கா?”

அரசி யோசித்தாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு மறுபடி யோசித்தாள்.

“மாட்டுச்சு, மாஸ்டர். எங்கன்னுதான் ஞாபகம் வரல.”