மாலையிட்ட கேட்வே

புரட்டாசிக் கடைசி, விஜயதசமி நாள், காலை பத்து மணி. திருநெல்வேலியில் ஒரு தனியார் பேருந்து நிறுவனத்தின் முன்பதிவு அலுவலகத்தில், எல்லாக் கணினிகளையும் வெளியுலகோடு இணைக்கும் கேட்வே சர்வர் மூன்றாம் முறையாக நின்றது. பயணச்சீட்டுக்கு வந்த நாற்பது பேர் கூச்சலிட்டார்கள்.

கணினிகளைப் பராமரிக்கும் ஒப்பந்தப் பணியாளர் செண்பகவடிவு கண்காணிப்புப் பதிவைப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் நிற்குமுன் வெப்பம் தொண்ணூற்றாறு டிகிரியை எட்டியிருந்தது. முந்தைய நாள் ஆயுத பூஜையில் மேலாளர் சங்கரபாண்டியன் சாத்திய பட்டுத்துணியும் சாமந்தி மாலையும் சர்வரின் காற்றுத் துளைகளை மூடியிருந்தன.

"அதையெல்லாம் எடுக்கணும் சார்."

"சாயங்காலம் மறுபூஜை முடியற வரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது! தொடாமலே சரி பண்ணு. முடியலேன்னா நாளையிலேர்ந்து வராதே."

"சரிங்க சார். முதல்ல உங்களுக்கு ஒரு மரியாதை செஞ்சுக்கிறேன்."

மறுபூஜைக்கு வரவிருந்த முதலாளிக்காக வாங்கி வைத்த கனத்த சால்வையை மேலாளருக்குக் கழுத்துவரை இறுகப் போர்த்தினாள், பூஜைத் தட்டில் இருந்த மாலையை மூக்கு மறையும்படி அணிவித்தாள், மின்விசிறியை நிறுத்தினாள். மேலாளர் பூரித்து நின்றார். ஐந்தாவது நிமிடம் நெற்றியில் வியர்வை வழிந்தது.

"எடும்மா இதை!"

"சாயங்காலம் வரைக்கும் தொடக் கூடாதே சார்."

"மூச்சு முட்டுதும்மா!"

"சர்வரும் காலையிலேர்ந்து அதைத்தான் சார் சொல்லுது. வாயில்லாததால நின்னு காட்டுது."

வரிசையில் சிரிப்பு வெடித்தது. மேலாளர் தம் சால்வையைக் களைந்தார்; பிறகு சர்வரின் அலங்காரத்தையும் தம் கையாலேயே களைந்தார். வெப்பம் அறுபதுக்கு இறங்கியது, முன்பதிவு நடந்தது.

வியர்வையில் நனைந்ததை முதலாளிக்குப் போர்த்த முடியுமா? புதிய சால்வைக்கு நானூற்றிருபது ரூபாயை அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மேலாளரே கொடுத்தார். செண்பகவடிவு மறுநாளும் வேலைக்கு வந்தாள்.